பழைய ஆயிலை லேபில் டெஸ்ட் செய்து பைக் இன்ஜின் ஆயில்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பைக்குக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கியர் ஸ்மூத்தாக விழுகிறது, சத்தம் குறைந்துவிட்டது, இன்ஜின் சூடாவதில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் புது ஆயில் ஊற்றிய முதல் நாள் எந்த பைக்கும் அப்படித்தான் ஓடும், அதனால் இதை வைத்து இரண்டு ஆயில்களை ஒப்பிட முடியாது. ஓடி முடித்த ஆயிலில் கொஞ்சம் பிடித்து லேபுக்கு அனுப்பினால் கையில் எண்கள் வரும். அதுதான் யூஸ்டு ஆயில் அனாலிசிஸ்.

அந்த எண்களைப் படிப்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் கண் நேராக, இன்ஜின் தேய்ந்து ஆயிலில் கலந்த இரும்பு என்ற வரிக்குப் போகும். ஒரு ஆயிலில் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு), இன்னொன்றில் 24 பிபிஎம், உடனே முதல் ஆயில்தான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இது தவறு. ஆயில் எந்த நிலையில் வெளியே வந்தது என்பதை இந்த டெஸ்ட் நன்றாகச் சொல்லும். எந்த ஆயிலில் தேய்மானம் குறைவு என்பதை ஓரளவுக்குத்தான் சொல்லும், அதுவும் நீங்கள் ஒழுங்காகத் திட்டமிட்டு ஓட்டியிருந்தால் மட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் போகிறது.

பைக் ஆயிலுக்கு ஏன் தனிக் கணக்கு

கார் இன்ஜின் ஆயிலுக்கு இன்ஜின் மட்டும்தான் வேலை. பெரும்பாலான பைக்குகளில் அதே ஆயில்தான் இன்ஜினுக்கும், கியர்பாக்ஸுக்கும், அதில் ஊறிக் கிடக்கும் வெட் கிளட்சுக்கும். இதில் ஆயிலை அதிகம் வதைப்பது கியர்பாக்ஸ்தான். மல்டிகிரேடு ஆயில் சூட்டில் ரொம்ப நீர்த்துப் போகாமல் இருப்பதற்காக அதில் பாலிமர் கலந்திருப்பார்கள், விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) இம்ப்ரூவர் என்று பெயர். நீளநீளமான அந்த மூலக்கூறுகள் கியர் பற்களுக்கு இடையில் மாட்டும்போது, கத்திரியில் சிக்கிய நூல் மாதிரி, துண்டு துண்டாக வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் பழையபடி ஒட்டாது. அந்த அளவுக்கு ஆயில் நிரந்தரமாக நீர்த்துவிடும். காரில் மாதக்கணக்கில் நடப்பது பைக்கில் சில நூறு கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடும்.

அதோடு பைக்கில் ஆயில் அளவும் குறைவு. சின்ன இன்ஜின்களில் ஒரு லிட்டர் அளவுதான் இருக்கும், அதுவே அதிக ஆர்பிஎம்மில், பல பைக்குகளில் வெறும் காற்றில் குளிர்ந்துகொண்டு, உழைக்க வேண்டும். அதனால் கார் ஆயில் ரிப்போர்ட்டுகளுக்குச் சொல்லப்படும் 'நார்மல்' அளவுகளைப் பைக்குக்கு அப்படியே பொருத்தாதீர்கள். நான்கு லிட்டரில் 10 பிபிஎம் காட்டும் அதே அளவு இரும்புத்தூள் ஒரு லிட்டரில் 40 பிபிஎம் காட்டும்.

கியர்லெஸ் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாலிமர் கதை அவ்வளவாகப் பொருந்தாது. அதில் இன்ஜின் ஆயில் தனி, பின்சக்கரத்தின் பக்கம் இருக்கும் கியர் ஆயில் தனி, கிளட்ச் உலர்ந்தே இருக்கும். மற்ற எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: எந்த ஆயில்களை மோதவிடுவது

இரண்டு போதும். மூன்று, நான்கு ஆயில்களை ஒரே நேரத்தில் ஒப்பிட ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு ஆயிலுக்கும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும், கடைசி ஆயில் முடிவதற்குள் இன்ஜினே பழசாகி, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே மாறிவிடும்.

இரண்டும் உங்கள் பைக் மேனுவலில் சொல்லியிருக்கும் கிரேடாக இருக்கட்டும் (10டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிரிலும் இரண்டாவது சூட்டிலும் உள்ள விஸ்காசிட்டியைக் குறிக்கும்). 10டபிள்யூ-40 கேட்கும் பைக்கில் 10டபிள்யூ-40ஐயும் 20டபிள்யூ-50ஐயும் ஊற்றி ஒப்பிட்டால், கிரேடைத்தான் ஒப்பிடுகிறீர்கள், ஆயிலை இல்லை. வெட் கிளட்ச் இருந்தால் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். 1998இல் ஜப்பானில் வந்த ஜாசோ டி903 தரக்கட்டளை, கிளட்ச் பிளேட்டில் ஆயில் எவ்வளவு உராய்வைத் தருகிறது என்பதை வைத்து இப்படிப் பிரிக்கிறது. எம்பி என்றால் உராய்வு குறைவு, அது ஸ்கூட்டருக்குத்தான். எரிபொருள் மிச்சம் என்று விற்கப்படும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. இதை எந்த லேப் ரிப்போர்ட்டும் உங்களுக்குச் சொல்லாது.

வாங்கும்போது முழு டெஸ்ட்டுக்கும் தேவையான ஆயிலை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் படம் மாறாமலேயே உள்ளே இருக்கும் கலவை மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

படி 2: புது ஆயிலையும் டெஸ்ட் செய்யுங்கள்

இதைத்தான் முக்கால்வாசிப் பேர் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் ஊற்றாத ஆயிலுக்கு எதற்குச் செலவு என்று தோன்றும். ஆனால் புது ஆயில் எண் இல்லாமல் பழைய ஆயில் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

உதாரணத்துக்கு விஸ்காசிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஏஇ ஜே300 அட்டவணைப்படி 40 கிரேடு என்றால் 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்கிற்குள் (விஸ்காசிட்டியின் அலகு) இருக்க வேண்டும். அகலமான வரம்பு இது. ஒரு கம்பெனியின் 10டபிள்யூ-40 புதிதிலேயே 13ஆக இருக்கலாம், இன்னொன்று 15.5ஆக இருக்கலாம், இரண்டு டப்பாவிலும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். ஓடி முடித்த பிறகு 12.6 வந்தால், முதல் ஆயில் கிட்டத்தட்ட அசையவே இல்லை, இரண்டாவது நொறுங்கிவிட்டது. புது ஆயில் எண் இல்லாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனி வெளியிடும் டேட்டா ஷீட்டில் எண் இருக்கும், ஆனால் அது வழக்கமான சராசரி மதிப்புதான், உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் மதிப்பு அல்ல.

எஸ்டர் என்ற செயற்கை அடிப்படை ஆயில் கலந்த ஆயில்களில் இது இன்னும் முக்கியம். ஆயில் எவ்வளவு ஆக்சிடைஸ் ஆகியிருக்கிறது, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிருக்கிறது என்பதை இன்ஃப்ராரெட் ஒளியை ஊடே செலுத்திப் பார்ப்பார்கள். எஸ்டரின் வேதியமைப்பு ஒளியை உறிஞ்சுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். அதனால் எஸ்டர் ஆயில் டப்பாவில் இருக்கும்போதே ஆக்சிடேஷன் எண்ணை ஏற்றிக் காட்டும். புது ஆயில் எண்ணைக் கழித்த பிறகுதான் உண்மையான கெட்டுப்போதல் தெரியும். கழிக்காமல் பார்த்தால் நல்ல ஆயிலை மட்டமான ஆயில் என்று சொல்லிவிடுவீர்கள்.

புது ஆயில் ரிப்போர்ட்டில் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம், போரான் அளவுகளையும் குறித்து வையுங்கள். அந்த ஆயிலின் கைரேகை இதுதான், படி 6இல் இதற்கு வேறு ஒரு பெரிய உபயோகமும் இருக்கிறது.

படி 3: ஓட்டத் திட்டம்

ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை உள்ளதை ஒரு ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆயில் ஏ, ஆயில் பி என்றால், ஓட்ட வேண்டிய வரிசை இது: ஏ, ஏ, பி, பி, முடிந்தால் மறுபடி ஏ, ஏ. ஒவ்வொரு ஆயிலிலும் முதல் ஓட்டத்தை ஒப்பீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தை ஏன் தள்ள வேண்டும்? ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது. கேஸின் மூலை, ஆயில் போகும் துளைகள், கிளட்ச், ஆயில் கூலர் என்று அங்கங்கே பழசு தங்கியிருக்கும். பத்துப் பதினைந்து சதவீதம் தங்குவது சகஜம். புது ஆயிலோடு அதுவும் கலந்து ஓடும். அதைவிட, வேறு சேர்மானக் கலவை உள்ள ஆயில் உள்ளே போகும்போது உலோகப் பரப்புகளில் ஏற்கனவே படிந்திருந்த படலமும் கசடும் கொஞ்சம் மாறும், கரையும், அதனால் முதல் ஓட்டத்தில் சில உலோகங்கள் திடீரென்று ஏறலாம். அது தேய்மானம் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து நல்ல ஆயிலைக் கைவிட்டவர்கள் நிறைய.

கடைசியில் மறுபடி ஏ ஆயிலுக்குத் திரும்புவது நீண்ட வேலைதான். ஆனால் பி ஓடும்போது தெரிந்த மாற்றம் ஆயிலால் வந்ததா, பைக்குக்கு வயதானதாலா, வெயில் மாறியதாலா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி இல்லை. திரும்பும்போது எண்களும் திரும்பினால் ஆயில்தான் காரணம். திரும்பவில்லை என்றால் ஆயிலின் மேல் பழி போடக் கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறாமல் இருக்க வேண்டியவை: கிலோமீட்டர், ஓட்டும் பாதை, ஆயில் ஃபில்டரின் வகை, ஊற்றும் அளவு, கூடுமானவரை காலநிலை. தினமும் ஐந்து நிமிடத்தில் போய் வண்டியை நிறுத்துபவர் ஒரு ஓட்டத்தின் நடுவில் நெடுந்தூரப் பயணம் போய்விட்டு வந்தால் அந்த ஓட்டம் வேறு கணக்கு. சூடாகாத இன்ஜினில் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தண்ணீரும் தங்கும், நெடுந்தூரம் ஓடும்போது இரண்டும் ஆவியாகிப் போய்விடும். ஏர் ஃபில்டரைத் திறந்தால், செயின் சைடு கவரைக் கழற்றி கேஸ்கெட் பேஸ்ட் போட்டால், வண்டி இரண்டு வாரம் சும்மா நின்றால், எல்லாவற்றையும் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் போட்டு எழுதி வையுங்கள்.

புது வண்டியில் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே வேண்டாம். ரன்னிங்-இன் முடியும்வரை இரும்பு, அலுமினியம், சிலிக்கான் மூன்றும் அதிகமாக இருக்கும், ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகவே இறங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் இரண்டாவதாக எந்த ஆயிலை ஊற்றினாலும் அதுதான் ஜெயிக்கும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் எண்கள் ஏறத்தாழ சமமாக வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

படி 4: சாம்பிள் எடுப்பது

வண்டியை நன்றாக ஓட்டி, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும், அணைத்த சில நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும். ஆறவிட்டால் கனமான துகள்கள் அடியில் படிந்துவிடும். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள், போல்ட் ஓரத்திலிருந்து விழும் ஒரு சிட்டிகைத் தூசி போதும், சிலிக்கான் எண் கெட்டுப்போகும். ஆயில் கொட்ட ஆரம்பித்ததும் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் சீராக விழும்போது பாட்டிலை நீட்டிப் பிடியுங்கள். கடைசிச் சொட்டுகள் வேண்டாம். கையுறை கட்டாயம், சூடான ஆயில் தோலைப் பொசுக்கிவிடும்.

பாட்டில் லேப் கொடுத்ததாக இருப்பது நல்லது. குளிர்பான பாட்டில், மருந்து பாட்டில் எதுவும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சோடியமோ தண்ணீரோ தங்கியிருக்கும். ட்ரெயின் பாத்திரத்தில் விழுந்ததிலிருந்து அள்ளி எடுப்பதும் கூடாது. பொதுவாக 100 மில்லி போதும். மூடியதும் அங்கேயே லேபிள் ஒட்டுங்கள்: ஆயில் பெயர், பேட்ச், ஆயில் ஓடிய கிலோமீட்டர், இன்ஜினின் மொத்தக் கிலோமீட்டர், நடுவில் எவ்வளவு டாப்-அப் செய்தீர்கள் என்பது.

நடு ஓட்டத்தில் சாம்பிள் வேண்டுமென்றால் டிப்ஸ்டிக் துளை வழியாகப் புதிய குழாய் விட்டு பம்ப்பால் உறிஞ்சலாம். விஸ்காசிட்டி எப்போது இறங்கியது என்று பார்க்க இது அருமையான வழி. ஆனால் ஒரு லிட்டர் ஆயிலில் 100 மில்லி எடுத்தால் அதே அளவு அதே ஆயிலை ஊற்ற வேண்டும், அதைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

படி 5: லேபில் என்ன கேட்பது

அடிப்படைத் தொகுப்பு என்று ஒன்று எல்லா லேபிலும் இருக்கும், அதில் உலோகங்களும் ஒரு விஸ்காசிட்டியும் வரும். நம் வேலைக்கு அது பத்தாது. 100 டிகிரியில் விஸ்காசிட்டி, ஐசிபி முறையில் (ஆயிலைப் பிளாஸ்மா சூட்டில் எரித்துத் தனிமங்களை அளப்பது) உலோகங்களும் சேர்மானங்களும், டிபிஎன் (மிச்சமிருக்கும் காரச் சக்தி), டிஏஎன் (சேர்ந்த அமிலம்), இன்ஃப்ராரெட்டில் ஆக்சிடேஷனும் நைட்ரேஷனும் (நைட்ரஜன் ஆக்சைடுகளால் கெட்டுப்போவது), பெட்ரோல் கலப்பு, தண்ணீர். இவ்வளவையும் கேளுங்கள். பெட்ரோல் கலப்பை கேஸ் குரோமடோகிராஃபியில் (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) பார்ப்பார்களா, ஃப்ளாஷ் பாயின்ட்டை (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) வைத்து மதிப்பிடுவார்களா என்றும் விசாரியுங்கள், முதலாவதுதான் நம்பகமானது.

கடைசி சாம்பிள் வரை ஒரே லேப், ஒரே முறை. டிபிஎன்னுக்கு மட்டும் ஏஎஸ்டிஎம் டி2896, டி4739 என்று இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன, ஒரே ஆயிலுக்கு இரண்டும் வெவ்வேறு எண் தரும். புது ஆயிலை ஒன்றிலும் பழசை இன்னொன்றிலும் பார்த்துக் கழித்தால் வருவது வெறும் குப்பை.

படி 6: ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

இரும்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கைரேகையைச் சரிபாருங்கள்: கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் புது ஆயில் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா? பெரிதாக விலகினால் சாம்பிள் மாறியிருக்கலாம், அல்லது டப்பாவில் இருந்தது நீங்கள் நினைத்த ஆயிலே இல்லை.

இங்கேதான் நான் சொன்ன இன்னொரு உபயோகம். ஏ ஆயிலில் மாலிப்டினமே இல்லை, பி ஆயிலில் புதிதாக 80 பிபிஎம் இருக்கிறது என்று வையுங்கள். பி-யின் முதல் ஓட்டம் முடிந்து ரிப்போர்ட்டில் 69 வந்தால், கிட்டத்தட்ட 14 சதவீதம் ஏ ஆயில் உள்ளேயே தங்கி கலந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் இன்ஜினில் எவ்வளவு பழசு தங்குகிறது என்பதை இப்படி அளந்தே விடலாம், ஊகிக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டில் சேர்க்காத அந்த முதல் ஓட்டத்தையும் லேபுக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். இதே கணக்கில் இரண்டாவது ஓட்டத்தில் தங்கியிருக்கும் ஏ ஆயில் 2 சதவீதம்தான் வரும், இரண்டாவது ஓட்டத்தை நம்பலாம் என்பதற்கும் இதுவே ஆதாரம்.

அடுத்து பெட்ரோல். விஸ்காசிட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் கலந்தாலும் ஆயில் நீர்க்கும், பாலிமர் வெட்டுப்பட்டாலும் நீர்க்கும், எண்ணில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பெட்ரோல் 2 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தின் விஸ்காசிட்டியை வைத்து ஆயிலைக் குறை சொல்லக் கூடாது. கார்புரேட்டர் ட்யூனிங், இன்ஜெக்டர், குறுந்தூர ஓட்டம், இவற்றில் எது காரணம் என்று முதலில் பாருங்கள்.

படி 7: விஸ்காசிட்டி, டிபிஎன், ஆக்சிடேஷன்

இந்தப் படிக்குத்தான் இவ்வளவு பாடு. ஒப்பீட்டுக்கு நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய எண்கள் இங்கே இருக்கின்றன.

விஸ்காசிட்டியில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை சதவீதம் இறங்கியது? கடைசியில் எங்கே நிற்கிறது? கணக்குக்காக ஒரு உதாரணம்: ஏ ஆயில் 15.2இல் தொடங்கி 12.9இல் முடிந்தது, இறக்கம் 15 சதவீதம். பி ஆயில் 13.4இல் தொடங்கி 12.6இல் முடிந்தது, இறக்கம் 6 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் பி ஜெயிக்கிறது. முடிவு எண்ணை மட்டும் பார்த்தால் ஏ ஜெயிக்கிறது. இரண்டும் 40 கிரேடுக்குள்தான் நிற்கின்றன. என்னைக் கேட்டால், சூட்டில் கடுமையாக ஓட்டுபவருக்கு முடிவு எண்தான் முக்கியம், ஏனென்றால் பேரிங்குக்கும் கேம்முக்கும் இடையில் நிற்கும் படலத்துக்குச் சதவீதம் தெரியாது. மாற்றும் இடைவெளியை நீட்டலாமா என்று யோசிப்பவருக்கு சதவீதம் முக்கியம், ஏ இன்னும் இறங்கிக்கொண்டே போகுமா என்று அவர் கவலைப்பட வேண்டும். நடு ஓட்ட சாம்பிள் இருந்தால் இந்தச் சந்தேகமே வராது. பாலிமர் வெட்டுப்படுவது பெரும்பாலும் ஆரம்பத்தில் வேகமாக நடந்து, பிறகு மட்டுப்படும். பாதி ஓட்டத்திலேயே 13.0க்கு வந்துவிட்டு முடிவில் 12.9 என்றால், அதற்கு மேல் பெரிதாக இறங்காது.

முடிவில் விஸ்காசிட்டி ஏறத் தொடங்கினால் அது நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். ஆயிலின் இலகுவான பகுதி ஆவியாகிப் போயிருக்கலாம், அல்லது ஆயில் ஆக்சிடைஸ் ஆகிக் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கலாம். வெட்டுப்படுவதால் வரும் இறக்கமும் கெட்டுப்போவதால் வரும் ஏற்றமும் ஒன்றையொன்று மறைத்து, விஸ்காசிட்டி மாறவே இல்லை என்ற தோற்றத்தையும் தரலாம். அதனால்தான் ஆக்சிடேஷன் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

பொதுவான ஒரு விதி உண்டு. இரண்டு எண்களுக்கும் இடையே அகலம் கூடக்கூட, அதாவது 15டபிள்யூ-40ஐவிட 5டபிள்யூ-40க்கு, பாலிமர் அதிகம் தேவைப்படும், அதனால் வெட்டுப்படவும் அதிகம் இருக்கும். ஆனால் பிஏஓ, எஸ்டர் மாதிரி செயற்கை அடிப்படை ஆயில்கள் சூட்டில் இயல்பாகவே குறைவாகத்தான் நீர்க்கும், அவற்றுக்குப் பாலிமர் குறைவாகப் போதும். டப்பாவில் 'ஃபுல் சிந்தெடிக்' என்று மட்டும் இருந்தால் எந்த அடிப்படை ஆயில் என்று அதிலிருந்து தெரியாது. விஸ்காசிட்டி இறக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

டிபிஎன் என்பது அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் காரச் சக்தி. புதிதில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு கரைந்தது என்று பாருங்கள். புதிதில் இருந்ததில் பாதிக்குக் கீழே போனால் இடைவெளியை நீட்ட இடமில்லை. டிஏஎன் என்பது சேர்ந்த அமிலம். அது ஏறிக்கொண்டே வந்து, இறங்கி வரும் டிபிஎன்னைச் சந்திக்கும் இடத்தில் ஆயிலின் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம். புது ஆயிலிலேயே டிஏஎன் பூஜ்யமாக இருக்காது, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானமே கொஞ்சம் காட்டும். எவ்வளவு ஏறியது என்பதுதான் கேள்வி.

அதிக டிபிஎன்னில் தொடங்கும் ஆயில் சிறந்தது என்று அவசரப்படாதீர்கள். சில ஆயில்கள் பெரிய எண்ணில் தொடங்கிச் சட்டென்று கீழே வரும், சில சின்ன எண்ணில் தொடங்கி அப்படியே நிற்கும். நிற்பதுதான் வேண்டும்.

படி 8: இப்போது உலோகங்கள்

எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் இன்ஜின் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்பு கியர்கள், கேம், கிராங்க், இரும்பு லைனர் என்று பல இடங்களிலிருந்து வரும். சிலிண்டரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு இருந்தால் லைனரிலிருந்து இரும்பு வராது, அங்கே தேய்ந்தால் நிக்கல் தெரியும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், பைக்கில் கிளட்ச் பேஸ்கெட்டும் அலுமினியம்தான், பிளேட்டுகளின் காது அதில் மோதி மோதித் தேய்க்கும். குரோமியம் ரிங்குகளிலிருந்தும் பேரிங் உருக்கிலிருந்தும். செம்பு, புஷ்களிலிருந்து. ஈயமும் தகரமும் ப்ளெயின் பேரிங்குகளிலிருந்து (பால், ரோலர் இல்லாதவை) வரும். கிராங்கும் கனெக்டிங் ராடும் பால், ரோலர் பேரிங்கில் ஓடும் சிங்கிள் சிலிண்டர் இன்ஜினில் ஈயம் பூஜ்யமாக வந்தால் அதற்காக ஆயிலைப் பாராட்ட ஒன்றுமில்லை, அந்த இன்ஜினில் தேய்வதற்கு ஈயமே இல்லை.

சிலிக்கான் ஏறினால் இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஏறினால் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டரையும் அதன் பெட்டியின் ரப்பரையும் சரிபார்க்க வேண்டும். சிலிக்கான் மட்டும் ஏறினால் புதிதாகப் போட்ட கேஸ்கெட் பேஸ்ட்டாக இருக்கலாம். எப்படியானாலும் தூசி புகுந்த ஓட்டத்தை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். லிக்விட் கூலிங் உள்ள வண்டியில் சோடியம், பொட்டாசியம் ஏறினால் ஆயில் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு கூலன்ட் கசிவைத் தேடுங்கள்.

இப்போது கணக்கு. பெரும்பாலானவர்கள் பிபிஎம்மைக் கிலோமீட்டரால் வகுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். உங்கள் இன்ஜினில் 14 சதவீதம் பழைய ஆயில் தங்குகிறது, முந்தைய ஓட்டம் 40 பிபிஎம் இரும்பில் முடிந்தது என்று வைப்போம். அப்போது அடுத்த ஓட்டம் பூஜ்யத்தில் தொடங்காது, சுமார் 5.5 பிபிஎம்மில் தொடங்கும். இந்த ஓட்டம் 3000 கிலோமீட்டரில் 35இல் முடிந்தால், நேரடியாக வகுத்தால் 1000 கிலோமீட்டருக்கு 11.7. தங்கியதைக் கழித்துவிட்டு வகுத்தால் 9.8. சரி, அதே நிலையில் தொடங்கி 1500 கிலோமீட்டரில் 20 பிபிஎம்மோடு முடிந்த ஓட்டத்தைப் பார்ப்போம். நேரடியாக 13.3, கழித்தால் 9.7. தேய்மான வேகம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் கழிக்காமல் பார்த்தால் சீக்கிரம் மாற்றிய ஆயில் மோசமானதாகத் தெரியும். அடிக்கடி ஆயில் மாற்றினால் தேய்மானம் கூடுகிறது என்று சிலர் நம்புவதற்கு இந்தக் கணக்குப் பிழையும் ஒரு காரணம்.

டாப்-அப் செய்திருந்தால் புது ஆயில் சேர்ந்து எல்லா உலோகங்களையும் நீர்த்துக் காட்டும், டிபிஎன்னையும் தூக்கிக் காட்டும். ஆயில் குடிக்கும் வண்டியின் ரிப்போர்ட் அழகாக இருப்பது இதனால்தான். இரண்டு ஆயில்களில் ஒன்று மட்டும் அதிகம் குறைந்தது என்றால் அந்தக் குறைவே ஒரு முக்கியமான முடிவு, பிபிஎம்மைவிட முக்கியமானது.

படி 9: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது உண்மையான வித்தியாசம்

ஒரே சாம்பிளை இரண்டு பாட்டில்களில் பிரித்து, இரண்டு வேறு பெயர்களில் ஒரே லேபுக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் அச்சு அசலாக ஒன்றாக வராது. அந்த இடைவெளிதான் லேபின் இயல்பான ஆட்டம். அதற்கு மேல், ஒரே ஆயிலின் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே வரும் வித்தியாசம் ஒன்று இருக்கும், அது இன்னும் பெரிதாக இருக்கும். ஏ-யின் முதல் சுற்றிலும் திரும்பி வந்த சுற்றிலும் இரும்பு 1000 கிலோமீட்டருக்கு 9, 12 என்று வந்திருக்க, பி-யில் 10.5 என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வேறுபாடு ஒரே ஆயிலின் சொந்த ஆட்டத்தைத் தெளிவாகத் தாண்ட வேண்டும், திரும்பிய சுற்றிலும் அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் பேசலாம்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. ஐசிபி கருவிக்குச் சில மைக்ரான் அளவுள்ள நுண்துகள்கள்தான் நன்றாகத் தெரியும். கியர் பல்லிலிருந்து செதிலாக உதிர்வது, பேரிங் உரிந்து விழுவது மாதிரியான பெரிய துகள்கள் அதன் கண்ணில் படாமலே போகும். அழகான ரிப்போர்ட் கையில் இருக்கும்போதே பேரிங் போயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் காந்த ட்ரெயின் போல்ட்டில் ஒட்டியிருப்பதைத் துடைத்துப் பாருங்கள்: குழைந்த சாம்பல் நிறப் பசை இயல்பானது, நகத்தில் தட்டுப்படும் செதில்கள் இயல்பானவை அல்ல. பேப்பர் ஃபில்டர் இருந்தால் வெட்டி விரித்து, மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் வலை ஸ்ட்ரெய்னர் மட்டும் உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றிக் கழுவுவதற்கு முன்னால் பாருங்கள்.

படி 10: தேர்ந்தெடுப்பது

நான் பார்க்கும் வரிசை இதுதான். கிளட்ச் வழுக்கினால் அந்த ஆயில் உடனே வெளியே, ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அடுத்து, உங்கள் மாற்றும் இடைவெளி முடியும்போது விஸ்காசிட்டி கிரேடுக்குள் நிற்கிறதா என்பது. கிரேடுக்குக் கீழே கொஞ்சம் இறங்கினால் இன்ஜின் போய்விடாது, ஆனால் இரண்டு ஆயில்களில் ஒன்று நிற்கிறது, ஒன்று இறங்குகிறது என்றால் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிபிஎன் மிச்சமும் ஆக்சிடேஷன் ஏற்றமும். அதன் பிறகு ஓட்டத்தில் எவ்வளவு ஆயில் குறைந்தது என்பது. உலோகங்கள் கடைசியில்தான், அதுவும் படி 9இன் சோதனையைத் தாண்டியிருந்தால் மட்டும்.

இதில் இரண்டும் சமமாக வந்தால், அது தோல்வி இல்லை, அடிக்கடி வரும் முடிவே அதுதான். ஒரே தரக்கட்டளையைத் தாண்டிய, ஒரே கிரேடில் உள்ள இரண்டு நல்ல ஆயில்கள் சாதாரண இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். அப்போது விலை குறைந்ததை, கள்ளச்சரக்கு பயமில்லாமல் எளிதாகக் கிடைப்பதை வாங்குங்கள். ஒரு ஆயில் 3000 கிலோமீட்டரில் கிரேடுக்கு வெளியே போய்விடுகிறது, ஆனால் 2000இல் நன்றாக இருக்கிறது என்றால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், 2000இல் மாற்றினால் முடிந்தது. வாரன்டி இருக்கும்வரை மேனுவலில் உள்ள இடைவெளியை மட்டும் தாண்டாதீர்கள், எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

தேர்ந்தெடுத்த பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாம்பிள் அனுப்ப வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒன்று, அதே லேபில், அதே கிலோமீட்டரில் எடுத்தால் போதும். இவ்வளவு நாள் சேர்த்த எண்கள் அப்போதுதான் உண்மையாகவே உதவும்: உங்கள் இன்ஜினுக்கு எது இயல்பு என்று ஏற்கனவே தெரியும், அதனால் சிலிக்கானோ செம்போ ஒரு தடவை எகிறினால், மறு சாம்பிள் எடுத்து உறுதி செய்துகொண்டு, சத்தம் வருவதற்கு முன்பே கவரைத் திறந்து பார்க்கலாம்.